‘கூடாது’ என்று சொல்லும் இடங்கள்



2022 மார்ச் 22ஆம் தேதி, இலங்கையிலிருந்து படகேறிய 16 தமிழர்கள் தனுஷ்கோடிப் பகுதியில் வந்து இறங்கினார்கள். அவர்களில் கைக்குழந்தையும் இருந்தது. போர் நடந்த காலத்தில் இதே கரைக்கு ஆயிரக்கணக்கானோர் குண்டுக்கு அஞ்சி வந்தார்கள். போர் முடிந்து 13 ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பதினாறு பேரும் அரிசி விலைக்கும் பால்மாவு விலைக்கும் அஞ்சி வந்தார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். அவ்வளவு அருகில் இருக்கும் ஒரு நாடு, பஞ்சமோ படையெடுப்போ இல்லாத நேரத்தில், எப்படி இந்த நிலைக்கு வந்தது? அரசியல் முடிவுகளும் ஆட்சிமுறையும் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை எப்படிப் பாதிக்கின்றன என்ற இன்றைய தலைப்பை இந்த ஒரு கேள்வியின் வழியாகவே பேச விரும்புகிறேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆட்சியும் தவறான முடிவை எடுக்கக்கூடும். அந்தத் தவறு நாட்டையே சாய்ப்பது, ‘இது கூடாது’ என்று சொல்லித் தடுக்கும் அதிகாரமுள்ள இடங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்ட பிறகுதான்.

இலங்கை ஏழை நாடாக இருந்து வீழவில்லை என்பதை முதலில் நினைவில் வையுங்கள். இலவசக் கல்வி, இலவச மருத்துவம், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள், உலகக் கப்பல் வழியில் அமைந்த கொழும்புத் துறைமுகம், தேயிலை, ஆடை ஏற்றுமதி, சுற்றுலா என்று ஒரு நாட்டுக்கு வேண்டிய அடிப்படைகள் அங்கே இருந்தன. 2019 ஜூலையில் உலக வங்கி அதை உயர் நடுத்தர வருமான நாடுகளின் வரிசையில் சேர்த்தது. மூன்று ஆண்டுகள் கூட ஆகவில்லை. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்து இறந்தார்கள். ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 1948இல் விடுதலை பெற்ற பிறகு இலங்கை கடன் தவணை தவறியது அதுவே முதல் முறை. மண்ணும் மக்களும் துறைமுகமும் அப்படியேதான் இருந்தன. இடையில் எடுக்கப்பட்ட முடிவுகளை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் முடிவு வரி பற்றியது. 2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பதவியேற்ற சில நாள்களில் அமைச்சரவை பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. 15 சதவீதமாக இருந்த வாட் வரி டிசம்பர் 1 முதல் 8 சதவீதமானது. ஆண்டுக்கு 1.2 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதுவரை வாட் வரிக்குப் பதிவு செய்ய வேண்டியிருந்தது; அந்த வரம்பு 30 கோடி ரூபாய்க்கு உயர்த்தப்பட்டது. தேச நிர்மாண வரி நீக்கப்பட்டது. சம்பளத்தில் பிடிக்கும் வரியும் போனது. விளைவாக, 2019இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த அரசு வருவாய் 2021இல் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. வரியைக் குறைக்க ஓர் அரசுக்கு உரிமை உண்டு. நான் கவலைப்படுவது அது நடந்த விதம் குறித்து. பொதுப்பணத்தின் மீது முழுக் கட்டுப்பாடு நாடாளுமன்றத்துக்கே உரியது என்று இலங்கையின் அரசியலமைப்பின் 148ஆம் பிரிவு சொல்கிறது. இந்த வரிக்குறைப்புகளில் பெரும்பகுதியோ நிர்வாக அறிவிப்பின் மூலம் முதலில் நடைமுறைக்கு வந்தது; அதற்குரிய சட்டத் திருத்தங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2021இல். அதாவது, போன வருவாய்க்கு ஈடு எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டிய அவை, பணம் போய் ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் கை தூக்கியது.

இரண்டாவது முடிவு பணம் பற்றியது. வருவாய் குறைந்தால் செலவைக் குறைக்க வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். 2020இல் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் இலங்கையின் தகுதியைத் தொடர்ந்து இறக்கின. வெளிநாட்டுச் சந்தையில் புதுக்கடன் வாங்கும் வழி அடைபட்டது. மிஞ்சிய வழி மத்திய வங்கி. அரசின் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கி வாங்கி, அதற்கு ஈடாகப் புதுப் பணத்தை வெளியிட்டது. 2019 இறுதியில் அதன் கையில் இருந்த உண்டியல்களின் மதிப்பு 10,000 கோடி ரூபாய்க்கும் குறைவு. 2021 இறுதியில் அது சுமார் 1,40,000 கோடி ரூபாய். ரூபாய் இப்படிப் பெருகும்போது டாலருக்கு எதிரான அதன் மதிப்பு இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு டாலருக்கு சுமார் 200 ரூபாய் என்று பல மாதங்கள் பிடித்து நிறுத்தினார்கள். வங்கிக்கு வெளியே டாலருக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், வெளிநாடுகளில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் வங்கியை விட்டு, ‘உண்டியல்’ எனப்படும் முறைசாராப் பணமாற்று வழிக்குத் திரும்பியது. கையிருப்பு டாலர் கரைந்தது. 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பில், 2022 மே மாதம் கையில் எடுத்துச் செலவிடக்கூடியது 5 கோடி டாலர் கூட இல்லை என்று அன்றைய நிதியமைச்சரே அறிவித்தார். அதே ஆண்டு ஜனவரியில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் தட்டுப்பட்டிருந்த நேரத்தில், முதிர்ந்த கடன்பத்திரத்துக்காக 50 கோடி டாலரை முழுதாக எண்ணிக் கொடுத்திருந்தார்கள். மறுத்துச் சொல்ல வேண்டிய மத்திய வங்கியின் தலைமைக்கு 2021 செப்டம்பரில் வந்தவர், அதற்கு முன் ராஜாங்க அமைச்சராக இருந்த அரசியல்வாதி. அப்போது திறைசேரிச் செயலாளரும் மத்திய வங்கியின் நாணயச் சபையில் ஓர் உறுப்பினராக இருந்தார். பணம் கேட்பவரே பணம் தரும் இடத்திலும் அமர்ந்திருந்தால் மறுப்பு எங்கிருந்து வரும்?

மூன்றாவது முடிவு வயலில் இறங்கியது. 2021 மே 6ஆம் தேதி வர்த்தமானி அறிவிப்பின் மூலம் ரசாயன உரங்களையும் பூச்சிக்கொல்லிகளையும் இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. இயற்கை வேளாண்மை நல்ல இலக்குதான். ஆளுங்கட்சியின் தேர்தல் அறிக்கை அதற்குப் பத்து ஆண்டுகள் கேட்டிருந்தது. பத்தாண்டுப் பயணத்தை ஒரே பருவத்தில் முடிக்கச் சொன்னபோது, மாற்று உரமும் இல்லை, உழவருக்குப் பயிற்சியும் இல்லை. வேளாண் அறிஞர்கள் விளைச்சல் விழும் என்று எழுதினார்கள், பேசினார்கள். வெளிப்படையாக விமர்சித்த பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் வேளாண் அமைச்சகப் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். உர இறக்குமதிக்கு 2020இல் ஆன செலவு ஏறத்தாழ 26 கோடி டாலர். அதை மிச்சப்படுத்தப் போய், ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் ஈட்டித்தரும் தேயிலையில் கை வைத்தார்கள். 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவானது. 2021–22இல் பெரும்போகமான மகா போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய மகா போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு, டாலர் இல்லாத நேரத்தில் அரிசிக்கு டாலர் தேடியது. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். ஆனால் விதைப்புக் காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

இம்மூன்று முடிவுகளும் வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவை. வரி நிதியமைச்சகத்தின் வேலை, பணம் மத்திய வங்கியின் வேலை, உரம் வேளாண்மையின் வேலை. மூன்றிலும் பொதுவாக இருப்பது முடிவு பயணித்த பாதை. 2020 அக்டோபரில் நிறைவேறிய 20ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அந்தப் பாதையை இன்னும் சுருக்கியது. உயர்பதவி நியமனங்களுக்கு ஒப்புதல் தர வேண்டிய அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில், கருத்து மட்டும் சொல்லக்கூடிய ஒரு நாடாளுமன்றப் பேரவை வந்தது. தணிக்கைப் பணி ஆணைக்குழுவும் தேசிய கொள்முதல் ஆணைக்குழுவும் எடுக்கப்பட்டன. குடியரசுத் தலைவரே அமைச்சுப் பொறுப்புகளை வகிக்கலாம் என்றானது. அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிய உறுப்பினர்கள் 156 பேர். விரைவாக முடிவெடுக்க இது உதவும் என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். ஆம், முடிவுகள் விரைந்தன. கேள்வி கேட்கும் இடத்தைத் தடங்கல் என்று எண்ணி அகற்றும் ஆட்சி, தன் தவறு தனக்குத் தெரியவரும் வழியையும் சேர்த்தே அகற்றிவிடுகிறது. பிறகு அந்தத் தவறைச் சொல்வதற்குச் சந்தை வர வேண்டியிருக்கிறது. அது காலியான எரிவாயு உருளையாகவும் பூட்டிய பெட்ரோல் நிலையமாகவும் வந்து சொல்கிறது.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களைத் தட்டிக்கழிக்க முடியாது. முதல் வாதம்: 2019 ஈஸ்டர் நாள் குண்டுவெடிப்புகள், அடுத்து கொரோனா, அதன்பின் உக்ரைன் போர். சுற்றுலா நின்றது, எரிபொருள் விலை ஏறியது. எந்த ஆட்சி இருந்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்? இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நாள்களின் வரிசையைப் பாருங்கள். வரி குறைந்தது 2019 டிசம்பரில். அப்போது கொரோனா இலங்கைக்கு வந்திருக்கவில்லை. உக்ரைன் போர் தொடங்கியது 2022 பிப்ரவரி இறுதியில். கையிருப்பு அதற்கு முன்பே கரைந்திருந்தது. இன்னொரு சான்று பக்கத்துக் கடலிலேயே இருக்கிறது. இலங்கையைவிடப் பல மடங்கு சுற்றுலாவை நம்பி வாழும் மாலத்தீவின் பொருளாதாரம் 2020இல் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. அதுவும் கடன்சுமை உள்ள நாடுதான். எல்லையைச் சீக்கிரம் திறந்து, அடுத்த ஆண்டே பெரும் வளர்ச்சி கண்டது, தவணை தவறவில்லை. நோய் எல்லா வீட்டுக்கும் வந்தது. சேமிப்பைச் சில வாரங்களுக்கு முன்புதான் வாரி இறைத்திருந்த வீடு அதைத் தாங்க முடியாமல் போனது.

இரண்டாவது வாதம்: கடன்தான் காரணம், அதிலும் சீனக் கடன். சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கணக்கைப் பார்த்தால், அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்துச் சீனாவின் பங்கு வெளிக்கடனில் ஐந்தில் ஒன்று அளவுதான். அரசின் வெளிக்கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பன்னாட்டுச் சந்தையில் கடன்பத்திரம் விற்று வாங்கியது. 2007இல் 50 கோடி டாலரில் தொடங்கிய பழக்கம் அது. வட்டி கூடுதல், தவணை குறுகியது; அந்தப் பணத்தில் எழுந்தவற்றில் பலவும் டாலர் ஈட்டித் தராதவை. யாரிடம் கடன் வாங்குவது, எதற்கு வாங்குவது, எதைக் கொண்டு அடைப்பது என்பவை எல்லாமே அரசியல் முடிவுகள். எனவே ‘கடன்தான் காரணம்’ என்பவர்கள் என் வாதத்தை மறுக்கவில்லை. ஒரு படி பின்னால் கொண்டுபோகிறார்கள். இதில் ஒரு கட்சியை மட்டும் குற்றம் சொல்வதும் நேர்மையாகாது. 1965 முதல் இந்த நெருக்கடி வரை, பல கட்சிகளின் ஆட்சிகளில் இலங்கை 16 முறை பன்னாட்டு நாணய நிதியத்தின் திட்டங்களுக்குப் போயிருந்தது. பற்றாக்குறையை 5 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும் என்று 2003இலேயே ஒரு சட்டம் இயற்றினார்கள். எல்லா ஆட்சிகளும் அதை மீறின. வரம்புகளைத் தளர்த்தத் திருத்தங்களும் வந்தன. மீறியவரைக் கேட்க யாருக்கும் அதிகாரம் இல்லாத சட்டம், ஏட்டில் எழுதிய நல்லெண்ணமாகவே நின்றுவிடும்.

மூன்றாவது வாதம் மக்களாட்சியின் பெயரால் வருவது. அதையே நான் மிகவும் மதிக்கிறேன். வரிக்குறைப்பு தேர்தல் வாக்குறுதி. 52 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து மக்களே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் தீர்ப்பைத் தடுக்க மத்திய வங்கி அதிகாரிகளும் தணிக்கையாளர்களும் யார்? இதற்கு என் பதில், வாக்கு ஓர் இலக்குக்கு அனுமதி தருகிறது. கூட்டல் கழித்தலிலிருந்து விலக்குத் தருவதில்லை. இப்படி வரியைக் குறைத்தால் நாடு திவாலாகும் என்று அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார். தேர்தல் மேடையில் அது போட்டிக் கட்சிக்காரரின் பேச்சாகவே கேட்கும். கட்சி சாராத ஓர் அமைப்பு, இத்தனை கோடி குறையும், அதற்கு ஈடு இல்லை என்று கணக்கை மக்கள் முன் வைத்திருந்தால், வாக்காளர் கையில் இருந்திருப்பது இன்னும் முழுமையான வாக்கு. மேலும், அரசியலமைப்பும் மக்களுடையதுதான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் தரும் ஆணையைப் போலவே, நிதி நாடாளுமன்றத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதும் மக்களின் ஆணை. ஒன்றைக் காட்டி மற்றதை மீறுவது மக்களாட்சி ஆகாது.

கடைசியாக, உறுதியான தலைவர் ஒருவர் யாரையும் கேட்காமல் முடிவெடுத்தால்தான் நாடு முன்னேறும் என்று சிங்கப்பூரைக் காட்டுபவர்கள் உண்டு. சிங்கப்பூர் ஆட்சியிடம் கடுமை இருந்தது. அதோடு வரவுக்குள் செலவு, ஊழலுக்குத் தண்டனை, திறமைக்குப் பதவி என்ற விதிகள் ஆட்சியாளரையும் கட்டின. இலங்கையின் மீட்சியும் இதையே சொல்கிறது. 2022 ஏப்ரல் 8ஆம் தேதி, பதவியேற்ற கையோடு, மத்திய வங்கியின் புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்கவின் தலைமையில் வட்டி ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. அந்த அக்டோபரில் வந்த 21ஆம் திருத்தம், முன்பு நீக்கப்பட்ட பேரவையையும் ஆணைக்குழுக்களையும் மீண்டும் கொண்டுவந்தது. 2023 மார்ச்சில் நாணய நிதியத்தின் சுமார் 300 கோடி டாலர் திட்டம் ஒப்புதல் பெற்றது. அரசுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடுக்கும் புதிய மத்திய வங்கிச் சட்டம் அந்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம் அடுத்த செப்டம்பரில் 1.3 சதவீதம். ஓராண்டில் புதிய எண்ணெய் வயல் எதுவும் கிடைக்கவில்லை; மக்களும் மாறவில்லை. முடிவெடுக்கும் முறை மாறியது. ஆனால் உள்ளூரில் கேட்க மறுத்த ‘கூடாது’ என்ற சொல்லை, வெளியிலிருந்து வந்த கடன்காரர் வாயால் கேட்க நேர்ந்தது. ஒரு நாட்டின் தன்மானத்துக்கு அது சிறிய இழப்பு அல்ல.

அதைவிடப் பெரிய இழப்பு யாருடையது என்று கேளுங்கள். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடி 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாள்கூலி பெற்றார்கள். அன்றைய மதிப்பில் அது 5 டாலர். 2022 மே மாதம் டாலர் 360 ரூபாயைத் தொட்டபோது, அதே கூலி 3 டாலர் கூட இல்லை. வரிக்குறைப்பால் அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்; வருமான வரி கட்டும் அளவுக்கு அவர்கள் என்றும் சம்பாதித்ததில்லை. 2019 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 14.3 சதவீதமாக இருந்த வறுமை, தோட்டப்புறங்களில் 33.8 சதவீதமாக இருந்தது. ஏற்கெனவே குழியில் நின்றவர்கள் மீதுதான் மண் சரிந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் நாட்டின் வறுமை 2021க்கும் 2022க்கும் இடையே ஏறத்தாழ இரட்டிப்பாகி, நான்கு பேரில் ஒருவரைப் பிடித்தது. மீட்சியின் செலவும் அதே தோள்களில் ஏறியது. 2024 தொடக்கத்தில் வாட் வரி 18 சதவீதமானது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகள் தப்பின. தொழிலாளர்களின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியின் வட்டி வருவாய் குறைக்கப்பட்டது. ஆகவே நல்லாட்சி என்பது கணக்கைச் சமன் செய்வதோடு முடிவதில்லை. அந்தச் சமன் யாருடைய தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கும் அவையில் இடம் தருவதுதான் நல்லாட்சி.

பொருளையும் ஆட்சியையும் சேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. திருக்குறளில் பொருட்பாலுக்கு 70 அதிகாரங்கள். பொருள் ஈட்டுவதையே பேசும் ‘பொருள்செயல்வகை’ அவற்றுள் ஓர் அதிகாரம். அரசியலுக்கோ 25 அதிகாரங்கள். பொருளைப் பற்றிய நூலின் வாசலில் ஆட்சிமுறையை வைத்தவர் வள்ளுவர். அந்த இருபத்தைந்தில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்ற அதிகாரமும் இருக்கிறது; ஆள்பவனைக் கடிந்து சொல்லக்கூடியவர்கள் அவன் அருகிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. இன்றைய மொழியில் அவர்களுக்குப் பெயர் நாடாளுமன்றம், தணிக்கைத் துறை, மத்திய வங்கி, நீதிமன்றம், பல்கலைக்கழகம், பத்திரிகை.

2023 நவம்பர் 14ஆம் தேதி இலங்கையின் உயர் நீதிமன்றம், ஐந்தில் நான்கு நீதிபதிகளின் தீர்ப்பாக, முன்னாள் குடியரசுத் தலைவரும், முன்னாள் பிரதமரும் நிதியமைச்சருமாகிய அவருடைய சகோதரர்களும், மத்திய வங்கியின் இரு முன்னாள் ஆளுநர்களும், வேறு சில உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று அறிவித்தது. பொருளாதாரச் சரிவுக்கு ஆட்சியாளரின் முடிவுகளே பொறுப்பு என்று நாட்டின் தலைமை நீதிமன்றமே எழுதிவைத்தது பெரிய செய்தி. ஆனால் தீர்ப்பு வந்தது எல்லாம் முடிந்த பிறகு. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபாய் தரச் சொன்ன அந்தத் தீர்ப்பில், வரிசையில் இறந்தவர்களுக்கும் விளைச்சல் இழந்த உழவர்களுக்கும் இழப்பீடு இல்லை. நீதிமன்றம் கடைசிக் கதவு. அதற்கு முந்தைய கதவுகள் எல்லாம் நம் கண்முன் இருப்பவை. அடுத்த முறை ஓர் அரசு, எந்தக் கட்சியின் அரசாக இருந்தாலும், கைதட்டத் தூண்டும் ஓர் அறிவிப்பைச் செய்யும்போது, கைதட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இதைக் ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அவரிடம் கேட்டார்களா? அந்தக் கேள்வியை நீங்கள் விடாமல் கேட்க வேண்டும் என்பதே இந்த அவையிடம் என் வேண்டுகோள்.